விராலும் கொடுவாவும்: ஒரே தூண்டில் ராடு இரண்டுக்கும் போதுமா?

ஏரியில் விரால் பிடித்துப் பழகியவர்கள் அதே செட்டோடு கழிமுகத்துக்குப் போய், முதல் கொடுவாவிடமே லூரை (செயற்கை இரையை) பறிகொடுத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது. இரண்டுமே பதுங்கியிருந்து இரை அடிக்கும் மீன்கள்தான். ஆனால் பதுங்கும் இடமும் சண்டை போடும் விதமும் முற்றிலும் வேறு.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே அந்தச் சுழிப்பு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தெரிந்தால் அதைத் தாண்டி இரண்டு மீட்டர் தள்ளி வீசி, மீன் இருக்கும் பக்கம் இழுத்து வாருங்கள். தலைமேல் போட்டால் கலைந்துவிடும்.

லூர், 8 முதல் 13 கிராம் எடையுள்ள, உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளை. இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாது. கடி தவறுவதற்கும் அதுவே காரணம். புதுத் தவளையில் முள் நுனி ரப்பரில் புதைந்திருந்தால் பிளையரால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே வளைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் பின்பக்கம் அமிழ்ந்து நடை கெட்டுவிடும். அவ்வப்போது பிதுக்கி எடுக்க வேண்டும்.

'டபக்' என்ற சத்தம் கேட்டதும் சுண்டினால் தவளை மட்டும்தான் பறந்து வரும். கையில் கனம் தெரியும்வரை ஒன்றிரண்டு நொடி பொறுத்து, தொய்வைச் சுற்றி எடுத்து, பிறகு முழு பலத்தோடு சுண்டுங்கள். தாடை கெட்டியான எலும்பு. மெதுவாக இழுத்தால் முள் இறங்காது. 40 பவுண்டு பிரெய்டை (பின்னல் நரம்பை) நேராக லூரில் கட்டி, டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) நன்றாக இறுக்கி, மீன் செடிக்குள் திரும்புவதற்குள் தலையை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். விரால் சண்டை அந்த முதல் சில நொடிதான்.

கொடுவாவுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம். பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற இடங்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது மடவைக் குஞ்சும் இறாலும் ஓடைகளிலிருந்து முகத்துவாரம் பக்கம் அடித்து வரப்படும். பாலத் தூணுக்குப் பின்னால், ஓட்டம் உடைகிற விளிம்பில் கொடுவா காத்து நிற்கும். நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி, 9 முதல் 12 செ.மீ. மின்னோவை (சிறு மீன் வடிவ லூரை) அந்த விளிம்பை ஒட்டி மிதந்து வரவிடுங்கள். ஓட்டம் நின்ற நேரத்தில் வீசிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் கைவலிதான்.

இங்கே லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்புத் துண்டு) இல்லாமல் முடியாது. வாய்க்குள் பற்கள் உப்புத்தாள் போல நுணுக்கமாக இருக்கும். செவுள் மூடியின் ஓரமோ பிரெய்டை ஒரே உரசலில் அறுத்துவிடும். 40 முதல் 60 பவுண்டில் ஒரு மீட்டர் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தடவி, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். 30 பவுண்டு பிரெய்டுக்கு டிராக் மூன்றரைக் கிலோ அளவில் போதும். விராலுக்கு வைத்த இறுக்கத்தில் விட்டால் லூரின் மூமுள் (மூன்று நுனி உள்ள முள்) நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் வாய் கிழியும். மீன் துள்ளித் தலையை உதறும்போதுதான் லூர் கழலும். ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, நரம்பில் தொய்வு விழாமல் பக்கவாட்டில் இழுங்கள்.

ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் 7 அடி மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பானது). விராலுக்குக் கொஞ்சம் நெகிழ்வாகத் தோன்றும், சமாளித்துவிடலாம். தவளைக்கென்றே வாங்கிய விறைப்பான ராடைக் கொடுவாவுக்குக் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ மேல். உப்புத் தண்ணீரில் பயன்படுத்திய ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். பழகுவதற்கு விரால்தான் நல்லது: தப்பு எங்கே என்று உடனே தெரியும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே நிற்கும் விராலை மட்டும் சீண்டவே கூடாது. காவலுக்கு நிற்பதால் எதைப் போட்டாலும் அடிக்கும், பிடிப்பதும் சுலபம். ஆனால் அது போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். கொடுவா ஆணாக வளர்ந்து, ஏறக்குறைய 80 செ.மீ.க்கு மேல் போகும்போதுதான் பெண்ணாக மாறத் தொடங்கும். பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடுபவை. அப்படி ஒன்று கிடைத்தால் செவுளில் விரல் விடாமல், வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்துத் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.