கோதுமைப்புல் தட்டில் பூஞ்சை: பல வருட அனுபவம்

வீட்டில் சாறு பிழிந்து குடிக்கக் கோதுமைப்புல் வளர்க்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. பூஞ்சைக்கென்று சொல்லப்படும் வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் கைகொடுத்தது ஒரு சின்ன மின்விசிறி.

முளைவிட்ட புதிதில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிவது பெரும்பாலும் வேர்த்தூவிதான், அதாவது வேரில் இயல்பாக வரும் மெல்லிய மயிரிழைகள். தண்ணீர் தெளித்தால் வேரோடு படிந்து மறைந்துவிடும். பூஞ்சை அப்படி அடங்காது. ஒரு விதையிலிருந்து பக்கத்து விதைக்கு இழை இழையாக ஓடும், நாள்பட்டால் நீலச் சாம்பல் நிறமாகும், மக்கல் வாடையும் அடிக்கும். (ஆஸ்துமா, ஒவ்வாமை இருப்பவர்கள் முகர்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.)

என் தட்டுகளில் அது பெரும்பாலும் நடுவில்தான் தொடங்கும். ஓரத்தில் காற்று படுகிறது. நடுவில் புல் நெருக்கியடித்து நிற்பதால் அடி ஈரம் காய்வதே இல்லை. அதனால் இப்போது விதை மேல் விதை ஏறாமல் ஒரே அடுக்காகத்தான் பரப்புகிறேன். உடைந்த கோதுமையை ஊறப்போடும் முன்பே பொறுக்கிவிடுவேன். முளைக்காமல் ஊறிக் கிடக்கும் அதில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் போதும்.

முளை எழும்பி மூடியை எடுத்ததுமே மின்விசிறியைக் குறைந்த வேகத்தில், தட்டின் மட்டத்திலேயே வைத்துவிடுவேன். புல் லேசாக அசைய வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் அடியிலிருந்து: ஓட்டைத் தட்டை இன்னொரு தட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் இத்தனை செய்தும் சில தட்டுகள் போகத்தான் செய்யும்.

3 சதவீதப் பெராக்சைடை நீர்த்துத் தெளித்தால் கண்ணில் படும் பூஞ்சை அடங்கும். ஆனால் ஈரம் அப்படியே இருந்தால் திரும்ப வரும். வினிகர் புல்லைக் கருக்குகிறது, தட்டு கழுவ மட்டும் வைத்திருக்கிறேன்.

பூஞ்சைக்கு மேலே வெட்டிக் குடிக்கலாம் என்பவர்கள் உண்டு. பச்சையாகக் குடிக்கிற சாறு ஆயிற்றே, எனக்கு மனம் ஒப்பவில்லை. பூஞ்சை பிடித்த தட்டில் உள்ளது மொத்தமும் உரக்குழிக்குப் போய்விடும். இரண்டாம் அறுவடையையும் விட்டுவிட்டேன். முதல் வெட்டுக்குப் பிறகு சத்து தீர்ந்த விதைகள் அழுக ஆரம்பிக்கின்றன, வருகிற புல்லும் மெலிந்துதான் வருகிறது.