பிள்ளைக்கு எட்டுப் பக்கம்: அங்கன்வாடியில் ஆறு வருஷமாக எழுதும் கவனிப்பு நோட்டு

பிள்ளைகளைக் கவனித்து எழுதிவைக்க 2019 ஜூனில் 192 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். அப்போது என் அங்கன்வாடி மையத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள். ஆளுக்கு எட்டுப் பக்கம் பிரித்து, மேலே பேரும் பிறந்த தேதியும் எழுதினேன். இன்றோடு ஆறு வருஷம் ஆகிறது, ஐந்து நோட்டு நிரம்பிவிட்டது. கொரோனாவில் மையம் மூடிக்கிடந்த வருஷத்துக்கு மட்டும் நோட்டு இல்லை. இதை எப்படி எழுதுகிறேன், வீட்டாரிடம் எப்படிச் சொல்கிறேன், எதில் தவறினேன் என்று புதிதாக வந்திருக்கும் பணியாளர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எங்களிடம் அட்டைக்கும் பதிவேட்டுக்கும் குறைவில்லை. தாய் சேய் நல அட்டை இருக்கிறது, வயதுவாரியாக மதிப்பீட்டு அட்டை இருக்கிறது, 2021-லிருந்து எடை, உயரம் எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகிறது. அதெல்லாம் வேண்டியவைதான். மதிப்பீட்டு அட்டையில் ‘வட்டம் வரைகிறான்’ என்று ஒரு டிக் போடலாம். ஆனால் எதைப் பார்த்து வட்டம் போட்டான், போட்டுவிட்டு என்ன சொன்னான் என்பது டிக்கில் வராது. பையனின் அம்மாவுக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

எழுதும் முறை சின்னதுதான். ஒரு நாளைக்கு நான்கைந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி. வாரம் முடியும்போது எல்லாரையும் ஒருமுறை பார்த்தாகிவிடும். தேதி, எங்கே, என்ன செய்தது, என்ன சொன்னது, அவ்வளவுதான். சொன்னதைப் பிள்ளையின் வாய்மொழியிலேயே எழுத வேண்டும். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். ஆட்டம் நடக்கும்போதே எழுத உட்கார்ந்தால் பார்ப்பது போய்விடும். அதனால் பையில் துண்டுச்சீட்டு வைத்திருப்பேன், ஒரு சொல் கிறுக்கிக்கொண்டால் மத்தியானம் ஞாபகம் வந்துவிடும்.

முதல் நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ‘சமத்து’, ‘அடம்’, ‘மந்தம்’, ‘கவனமில்லை’ என்றுதான் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அதைப் படித்தால் அந்தப் பிள்ளை எனக்கு எப்படிப் பட்டது என்று தெரிகிறது, என்ன செய்தது என்று தெரியவில்லை. இரண்டாவது நோட்டிலிருந்து அந்த மாதிரிச் சொற்களை விட்டுவிட்டேன். ‘அடம்’ என்று எழுத வந்த இடத்தில் ‘சிவப்புக் கட்டை கிடைக்கும்வரை எழுந்து வரவில்லை, மூன்று முறை கேட்டான்’ என்று எழுதினேன். அப்படி எழுதிப் பார்த்தபோது அது அடமாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் அப்போது கற்றது. எங்கள் உதவியாளர் அக்கா என்னைவிட அதிகம் பார்க்கிறார். கை கழுவிவிடுவது, முட்டை உரித்துத் தருவது, பாயில் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். எந்தப் பிள்ளை இடது கையால் சோறு எடுக்கிறது, எது படுக்கும்போது மட்டும் அழுகிறது என்று அவரிடம் கேட்டால் உடனே சொல்வார். தினமும் ஐந்து நிமிஷம் அவரிடம் கேட்டு எழுதுகிறேன். நோட்டில் உருப்படியான வரிகளில் பாதி அவர் சொன்னவை.

இப்போது பூக்கட்டிய ஒரு பிள்ளையின் விஷயம். அவளுக்கு அப்போது நாலே முக்கால் வயது. கிரேயான் கொடுத்தால் தொட மாட்டாள். மற்றவர்கள் வரையும்போது கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொள்வாள். சாதாரணமாக மூன்று வயதில் வட்டம் போட்டுவிடுவார்கள், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம். முன்னே பின்னே ஆகும், ஆனால் இவள் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. ‘கைவிரல் வேலை வரவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அப்பத்தா மல்லி கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ போகும் ஊர்.

சொன்னதும் அப்பத்தா, “ஆத்தி, இவளுக்கா வெரல் வேல வரல? இங்கிட்டு வாடி” என்று கூப்பிட்டார். பிள்ளை வந்து உட்கார்ந்தாள். இரண்டு மொக்கு இந்தப் பக்கம் தலை, இரண்டு அந்தப் பக்கம் தலை, காம்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, அதற்குள் காம்பை நுழைத்து இழுத்தாள். முடிச்சு விழுந்தது. மொக்கு ஒன்றுகூட நசுங்கவில்லை. அடுத்ததற்குக் கை தானாகப் போனது. ஒரு சாண் கட்டும்வரை நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அப்பத்தா மெதுவாகச் சொன்னார். போன வருஷம் அண்ணனுடைய வீட்டுப்பாட நோட்டில் இவள் கிறுக்கிவிட்டாளாம். அதற்கு விழுந்த அடிக்குப் பிறகு பென்சிலைப் பார்த்தாலே தள்ளிப் போகிறாளாம். ஆக, விரலில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் கோடு போட்டால் அடி விழும் என்ற பயம்தான். மறுநாள் மையத்துக்குக் கனகாம்பரமும் நாரும் கொண்டுபோனேன். அவள் கட்டினாள், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் காகிதத்தை எடுக்கவே இல்லை. முற்றத்து மண்ணில் குச்சியால் வரைவதில் தொடங்கி, அப்புறம் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ், ஒன்றரை மாதம் கழித்துப் பழைய செய்தித்தாளில் கிரேயான். முதலில் வரைந்தது பூச்சரம்தான். அதைப் போனில் படமெடுத்து அப்பத்தாவிடம் காட்டினேன்.

எனக்கு இந்த நோட்டின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. நான் எழுதிய வரி தப்பு. ஆனால் எழுதியதால்தான் போய்ச் சொன்னேன், சொன்னதால்தான் வீட்டார் திருத்தினார்கள். முன்னேற்றத்தைப் பகிர்வது என்றால் நாம் சொல்லி அவர்கள் கேட்டுக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் பாதியை ‘வீட்டில் சொன்னது’ என்று கோடு போட்டு ஒதுக்கிவிடுகிறேன்.

ஒரு பையனின் காது விஷயமும் அப்படித் தெரிய வந்ததுதான். அவனுக்கு மூன்றரை வயது, பாட்டுக்குக் கை தட்டுவான், கதைக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று வார வரிகளைச் சேர்த்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது: என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்த நாட்களில் பதில் சொல்லியிருக்கிறான், முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்ட நாட்களில் இல்லை. அவன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். டிவி சத்தத்தை அவன்தான் கூட்டிக்கொண்டே போகிறான் என்றார். அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு முறை பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு வரும், 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. அந்த டாக்டரிடம் நோட்டையே நீட்டினேன், அவர் மேல் பரிசோதனைக்கு அனுப்பினார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதத்தில் பையன் கதைக்குக் குறுக்கே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால், “உங்க பையன் இன்னும் கலர் பேர் சொல்லலைங்க” என்று ஒரு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பையனுக்கு அடி விழுந்திருக்கிறது. மறுநாள் நான் சிவப்புக் கட்டையைக் கையில் எடுத்ததும் அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைப் பற்றியும் கூட்டத்தில் பேசுவதில்லை. அவரவர் வீட்டில், அல்லது பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது தனியாக. முதலில் பிள்ளை இப்போது செய்வதைச் சொல்வேன், அப்புறம் அடுத்து வர வேண்டியதையும், அதற்கு வீட்டில் செய்யக்கூடிய ஒன்றையும்.

அங்கன்வாடி என்ற பேரில் வரும் அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் போர்டியில் 1945-இல் வேலையைத் தொடங்கிய தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனவர்கள். பயிற்சியில் இதைக் கேட்டபோது பெரிதாகத் தோன்றவில்லை, திண்ணைகளில் உட்கார ஆரம்பித்த பிறகு தோன்றியது.

வாட்ஸ்அப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதலில் குழு ஆரம்பித்துப் படங்களைப் போட்டேன். “அவ வீடு கட்டுறா, நம்மாளு ஏன் சும்மா உட்கார்ந்திருக்கான்?” என்று ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு அம்மா, தன் பிள்ளை படம் வேண்டாம் என்று தனியாக வந்து கேட்டுக்கொண்டார், அவர் குடும்பச் சூழல் அப்படி. குழுவில் இப்போது விடுமுறை, தடுப்பூசி, கூட்டத் தேதி மட்டும். பிள்ளை பற்றியது எல்லாம் தனித்தனியாக, கேட்டுக்கொண்ட பிறகுதான். அதிலும் எழுத்தைவிடக் குரல் செய்தி நன்றாகப் போய்ச் சேர்கிறது. அரை நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. மில்லில் ஷிப்ட் பார்க்கும் அம்மா இடைவேளையில் கேட்கிறார், திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா ராத்திரி கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் அதையே பேசுகிறார். ஒரே குறை, போன் மாறினால் எல்லாம் போய்விடும். எனக்கே ஒருமுறை போனது. அதனால் நோட்டுதான் மூலம்.

எடையைச் சொல்வதற்கு அட்டையில் உள்ள கோடு போதும். மூன்று வயது முடிந்த பெண் பிள்ளைக்கு நடுக்கோடு 13.9 கிலோ, 10.8-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. இந்த எண்களை அடுக்கினால் யாருக்கும் தங்காது. மாதாமாதம் வைத்த புள்ளிகளைச் சேர்த்துக் காட்டி, “ரெண்டு மாசமா கோடு படுத்துக்கிடக்கு பாருங்க” என்றால் போதும், ராத்திரிச் சாப்பாடு என்ன என்ற பேச்சு தானாக வந்துவிடும்.

இந்த ஜூனில் ஆறாவது நோட்டைத் தொடங்கினேன். இப்போதெல்லாம் சேர்க்கை நாளிலேயே முதல் வரியை வீட்டாரிடம் கேட்டு எழுதுகிறேன். புதிதாக வந்த இரண்டரை வயதுப் பையன் மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். அவன் பக்கத்தில் அம்மா சொன்ன வரி இருக்கிறது: ‘எருமையப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், அது திரும்பிப் பாக்கும்.’ எருமைக்கு என்ன பேர் என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குக் காலையில் அவனிடமே கேட்கப் போகிறேன்.