கேம்பர் வேனில் டீசல் ஹீட்டர் பொருத்தக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

இங்கிலாந்தில் பழைய ட்ரான்சிட் வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து ஊர் சுற்றும் ஆசை நம்மவர்களிடமும் நன்றாகப் பரவிவிட்டது. குளிர்காலத்திலும் கிளம்ப வேண்டுமென்றால் டீசல் ஹீட்டர் இல்லாமல் முடியாது. அந்த ஹீட்டரைப் பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் என் வேனில் செய்துவைத்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பணம் போனது ஒரு பக்கம். நாங்கள் நான்கு பேரும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருப்போம்.

ஆளின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. லண்டனுக்கு வெளியே ஷெட் வைத்திருக்கும் தமிழர், வாட்ஸ்அப் குழுக்களில் யாரைக் கேட்டாலும் கைகாட்டும் ஆள். பேச்சு இனிக்கும். "ஜெர்மன் ஹீட்டர் போடுறேன் தம்பி, வெபாஸ்டோ. ஒரு நாள் வேலை. சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்குங்க" என்றார். சொன்ன தொகை 1,150 பவுண்டு. முன்பணம் 300 பவுண்டைக் கிரெடிட் கார்டில் வாங்கிக்கொண்டார். மீதியைக் கையில் கொடுத்தால் போதும் என்றார்.

சாயங்காலம் போனபோது வேனுக்குள் அக்னி நட்சத்திர வெயில் மாதிரி இருந்தது. "சூடா ஊதுதா? அப்புறம் என்ன?" என்று சிரித்தார். இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவரிடமிருந்து பல தடவை கேட்டுவிட்டேன்.

இந்த ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் செய்த அநியாயம் புரியாது. பெட்டிக்குள் இரண்டு காற்றுப் பாதைகள் உண்டு. ஒன்றில் டீசல் எரிகிறது. எரிவதற்கான காற்று வேனுக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும், புகை இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். மற்றதில் வேனுக்குள் இருக்கும் காற்று சூடான உலோகத்தை உரசிக்கொண்டு சுற்றிவரும். இரண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. அதனால்தான் ஹீட்டரின் அடிப்பாகம் கேஸ்கெட்டோடு (இடைவெளியை அடைக்கும் பட்டை) தரையில் அழுந்த உட்கார வேண்டும், புகைக்குழாயின் இணைப்பு தரைக்குக் கீழே, வெளியே இருக்க வேண்டும் என்கிறார்கள். வாகன ஹீட்டர்களுக்கான ஐ.நா. விதி 122-உம் இதைத்தான் சொல்கிறது: எரிவதற்கான காற்றை ஆள் இருக்கும் பகுதியிலிருந்து எடுக்கக் கூடாது, புகை எந்த வழியாகவும் உள்ளே திரும்பி வரக் கூடாது.

ஜனவரியில் லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். வெளியே உறைபனி. போகும்போதே சின்னவளுக்குத் தலைவலி, மலைப்பாதை வளைவுகளால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். நடு இரவுக்கு மேல், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் அலறியது. வாயுவின் அளவு 100 பிபிஎம்முக்கு மேல் என்று திரையில் காட்டியது. கதவுகளைத் திறந்து, எல்லாவற்றையும் அணைத்து, குழந்தைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு முகாமின் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடினோம். அலாரத்தை வாங்கச் சொன்னது என் மனைவி. ஹீட்டர்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் அவரைக் கூப்பிட்டேன். "உள்ளே டீ போட்டிருப்பீங்க தம்பி, அதுதான்." அடுப்பைத் தொடவே இல்லை என்றேன். "அப்ப அலாரம் மட்டம். கழட்டிப் போடுங்க. ஹீட்டர் சூடா ஊதுதா இல்லையா?" கொண்டுவந்து காட்டுகிறேன் என்றதும், பார்ப்பதற்கே 90 பவுண்டு ஆகும் என்றார். இரண்டு நாள் கழித்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

லாரிகளுக்கும் கால்வாய்ப் படகுகளுக்கும் ஹீட்டர் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் வேனைக் கொண்டுபோனேன். அவர் ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, ஹீட்டர் இருந்த பயணி சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். குளிர்ந்த ஹீட்டர் பற்றும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வரும். அது வேனுக்கு வெளியே வர வேண்டியது. எங்களுக்கு சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

சீட்டுக்கு நேர் கீழே வண்டியின் இரும்புச் சட்டம் குறுக்கே போகிறது. ஹீட்டருக்கு வேறு இடம் பார்த்திருக்க வேண்டும். ஹீட்டர்காரரோ அதை இரண்டு பலகைத் துண்டுகள் மேல் தூக்கி வைத்து, புகைக்குழாயை சீட்டுப் பெட்டிக்குள்ளேயே வளைத்து, தள்ளி ஒரு துளை போட்டு இறக்கியிருக்கிறார். குழாயின் கிளாம்ப் பெட்டிக்குள்ளேயே, அதுவும் தளர்வாக. துளையைச் சுற்றிக் குளியலறைக்குப் பூசும் வெள்ளை சிலிக்கோன். அது சூட்டில் பழுப்பாகி உரிந்து கிடந்தது. பிளைவுட் விளிம்பு கருகியிருந்தது, பெரியவர் விரலால் தேய்த்ததும் கரியாக உதிர்ந்தது. ஹீட்டர் உள்காற்றை இழுப்பதும் அதே பெட்டியிலிருந்துதான். அதாவது கசிந்த புகையை அதுவே உறிஞ்சி, சூடாக்கி, நாங்கள் படுத்திருந்த பக்கம் ஊதியிருக்கிறது.

கீழே போய்ப் பார்த்தால், காற்றை இழுக்கும் குழாயின் வாயும் புகைக்குழாயின் வாயும் பக்கத்தில் பக்கத்தில். விட்ட புகையையே திரும்ப இழுத்தால் ஆக்சிஜன் குறையும், டீசல் அரைகுறையாக எரியும், கரியும் கார்பன் மோனாக்சைடும் கூடும். ஒரு பிழை விஷத்தை அதிகமாக்க, இன்னொரு பிழை அதை உள்ளே கொண்டுவந்தது. டீசலுக்கும் டேங்கிலிருந்து தனிக் குழாய் எடுக்கவில்லை, இன்ஜினுக்குப் போகும் குழாயிலேயே ஒரு 'T' வடிவ இணைப்புப் போட்டு இழுத்திருக்கிறார். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஹீட்டர் நின்றுவிடும் என்று வேறு சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படிச் செய்யவே கூடாதாம். நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓடி உள்ளே குளிர வேண்டும்.

வெபாஸ்டோ? ஸ்டிக்கர் மட்டும்தான். உள்ளே இருந்தது நூறு பவுண்டு சுமாருக்குக் கிடைக்கும் பெயரில்லாத ஹீட்டர். விலை குறைந்த ஹீட்டரே ஆகாது என்று சொல்ல வரவில்லை, ஒழுங்காகப் பொருத்தி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒப்புதல் பெற்ற ஹீட்டரில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும் கொண்ட முத்திரை தகட்டில் இருக்கும். என்னுடையதில் தகடே இல்லை.

காஸ் ஹீட்டர் என்றால் 'காஸ் சேஃப்' பதிவு இருக்கிறதா என்று ஆளிடம் கேட்கலாம். டீசலுக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு கிடையாது. டிரில் வைத்திருக்கும் யாரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

பணம் திரும்பியது முன்பணத்தின் புண்ணியத்தில். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி செய்துதரவோ விலையைக் குறைக்கவோ வேண்டும் என்று ஹீட்டர்காரருக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. பிறகு வங்கிக்கு எழுதினேன். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள வேலைக்குக் கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பெரியவர் எழுதித் தந்த அறிக்கை, படங்கள், கையில் கொடுத்த மீதிப் பணத்துக்கு ஹீட்டர்காரரே வாட்ஸ்அப்பில் "வந்துடுச்சு தம்பி" என்று போட்டிருந்த செய்தி, எல்லாவற்றையும் அனுப்பினேன். இழுத்தடித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக, வியாபாரிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த ஷெட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

கொடுக்கப் போகிறவர்கள், தரையில் துளை போட்டதும் ஒரு படம், ஹீட்டரை உட்காரவைத்ததும் ஒரு படம், வேனுக்கு அடியில் குழாய்கள் முடியும் இடத்தில் ஒரு படம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அலாரம் வாங்கும்போது ஈஎன் 50291-2 என்ற தர எண் போட்டிருக்கிறதா பாருங்கள். கடைசியில் 1 என்று இருந்தால் அது வீட்டுக்கானது, 2 தான் வேனுக்கும் படகுக்கும்.

ஏற்கெனவே பொருத்தியவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். புகைக்குழாயின் கிளாம்ப் உள்ளே தெரிந்தாலோ, ஹீட்டரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, சரிபார்க்கும் வரை அதைப் போடவே போடாதீர்கள்.