காரைக்குடிக் கடைகளில் கவுனி அரிசி: எதை வாங்கலாம், எவ்வளவு சாப்பிடலாம்

காரைக்குடி, தேவகோட்டை கடைகளில் கறுப்புக் கவுனி இப்போது முழு அரிசியாகவும், அவலாகவும், மாவாகவும், கஞ்சி மிக்ஸாகவும் கிடைக்கிறது. விலை பொன்னியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உடம்புக்காக வாங்குவதானால் முழு அரிசிக்கு மட்டும் அந்தக் காசைக் கொடுக்கலாம். அவல் பரவாயில்லை. கஞ்சி மிக்ஸ் வேண்டாம்.

மிக்ஸ் ஏன் வேண்டாம்? நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தவிட்டோடு முழுசாக இருக்கும் அரிசி மெதுவாகத்தான் செரிக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கவுனி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் கவுனி நாலாவது இடத்தில் நின்றால் கீழே வைத்துவிடுங்கள்.

முழு அரிசியில் பார்க்க வேண்டியது தோல். சத்தும் நிறமும் அந்தத் தவிட்டில்தான். தீட்டிய அரிசியில் பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு மணியை நகத்தால் சுரண்டினால் கறுப்புத் தோல் உரிந்து உள்ளே வெள்ளை தெரிய வேண்டும். ஊறிய தண்ணீர் கருநீலமாக மாறியதும் சாயமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் அது ஆந்தோசயனின், அரிசியின் சொந்த நிறம். அதைக் கீழே கொட்டாமல் அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். அதனால் கழுவுவதை ஊறப்போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

‘எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை’ என்பதுதான் இந்த அரிசி மேல் அடிக்கடி வரும் புகார். ஊறல் பற்றாததுதான் காரணம். தவிடு தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. 8 மணி நேரமாவது ஊற வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் (ஊறிய தண்ணீரும் இதில் சேர்த்தி), குக்கரில் 6 விசில், பிறகு சிம்மில் 10 நிமிடம், பிரஷர் தானாக அடங்கட்டும். சீனியோ வெல்லமோ முன்கூட்டியே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். மலர்ந்து வெந்த பிறகுதான் இனிப்பு.

அந்த இனிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த அரிசி செட்டிநாட்டுப் பந்தியில் சீனி, தேங்காய்த் துருவல், நெய்யோடு இலையில் விழுவது. ருசிக்கு ஈடே இல்லை. ஆனால் 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி என்றால் 100 கிராம் சீனியில் 400க்குப் பக்கம். எடைக்கு எடை சீனி போட்டால் அரிசியைவிடச் சீனியிலிருந்துதான் அதிகக் கலோரி வருகிறது. கல்யாண வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் ‘பாரம்பரிய உணவு’ என்ற பெயரில் தினமும் காலையில் வைக்காதீர்கள்.

தினசரிக்கு ஒருவருக்கு, வேகவைக்கும் முன் எடை பார்த்து, 50 கிராம் அரிசி போதும். தராசு இல்லாவிட்டால் தலைதட்டி நாலு மேசைக்கரண்டி. வெந்ததும் 150 கிராம் அளவுக்கு வரும். கறுப்பாக இருந்தாலும் அரிசி அரிசிதான்: இந்த அளவிலேயே 37 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. தட்டில் பாதி காயும் கீரையுமாக இருக்கட்டும். கத்தரிக்காய்க் கோசுமல்லி நன்றாகச் சேரும், எண்ணெயும் தாளிப்புக்கு மட்டும்தான். கூட ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல். கவுனியைச் சோறாக வைத்துவிட்டுப் பக்கத்தில் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தால் கூடுதல் விலை கொடுத்தது வீண்.

‘சர்க்கரைக்கு மருந்து’ என்று எழுதியிருக்கும் பாக்கெட்டை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் இட்லி, ஒருநாள் கவுனி, சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து இரண்டு நாளும் பாருங்கள். இட்லி நாளிலும் கவுனி நாளிலும் தொடுகறி, அளவு, நடை எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்களை ஒப்பிட முடியும்.

நடை என்பது இங்கே ஒப்புக்குச் சொல்வதல்ல. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் 10–15 நிமிடம் நடந்தால் கால் தசைகளே ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். மதிய வெயிலில் தெருவில் இறங்க முடியாது. வளவு (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றம்) உள்ள வீட்டில் அதைச் சுற்றி வந்தாலே போதும். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அந்த வேகம். இப்படித் தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 15 நிமிடம் நடந்தால் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடக் கணக்கும் தானாக வந்துவிடும்.

முதல் தடவை அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். கடையிலேயே ஒரு கை அள்ளி மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாசம் அடித்தால் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.