வால்வை எடுப்பதா, காலைப் பழக்குவதா? ஈ46 எம்3 காரின் கிளட்ச்

பிஎம்டபிள்யூ 2000 முதல் 2006 வரை தயாரித்த ஈ46 எம்3 காரின் மேனுவல் வகையில், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வேகமாக மாற்றும்போது வண்டி ஒருமுறை குலுங்குவதுண்டு. 343 குதிரைத்திறன் கொண்ட 3.2 லிட்டர் இன்ஜினைவிட, கிளட்ச் திரவக் குழாயில், திரவ அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு அருகே அமர்ந்திருக்கும் ஒரு சிறு வால்வுக்கே இதில் பங்கு அதிகம். கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்ததும் திரும்பி வரும் திரவம் அதன் குறுகிய துளை வழியாகவே வர வேண்டியிருப்பதால், பெடல் மேலே வந்த பிறகும் கிளட்ச் தட்டு முழுமையாகப் பிடித்திருக்காது. அந்த நொடியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் வீணாக இரைந்து, பிறகு சட்டென இழுக்கும். அவசரக் காலிடமிருந்து கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் காப்பதற்கான ஏற்பாடுதான் இது.

வால்வை அகற்றினால் கால் சொல்வதைக் கிளட்ச் உடனே கேட்கும். கியர் மாற்றத்தில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கு இதனால் பெரிய நன்மை இல்லை. அப்போது பெடலை மெதுவாகத்தான் விடுகிறோம். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தை அந்தத் துளை தடுப்பதில்லை.

கிளம்பும்போது குலுங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது கால்பழக்கத்தைத்தான். சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றிப் பெடலை விட்டுக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் இன்ஜின் ஒலி தாழ்ந்து வண்டி மெல்ல நகரும். அதுவே கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கே ஒரு கணம் நிறுத்தி, வண்டி உருண்ட பிறகு மீதியை விட வேண்டும். முதலில் இன்ஜினை இரையவிட்டுப் பிறகு பெடலை விடுவது எளிதாகத் தோன்றினாலும், அரை கிளட்சில் உராய்ந்து தட்டு சூடாகித் தேய்கிறது.

இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை மாற்றி, எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீலை மென்மைக்காக நாடுபவர்களை நான் தடுப்பேன். இன்ஜின் வேகம் சடாரென விழுவதால் கிளம்புவது இன்னும் கடினமாகும். காரில் ஏற்கெனவே உள்ள, அதிர்வை உள்வாங்கும் இரட்டை ஃப்ளைவீலின் அமைதியும் போய்விடும்.

வால்வை எடுக்க முடிவு செய்தால், குழாயில் காற்றுக்குமிழி ஒன்றுகூடத் தங்காமல் திரவத்தை ஓடவிட்டு வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் பெடல் தொளதொளவென்றாகி, பிடிக்கும் இடம் தரையை நோக்கி இறங்கிவிடும். இந்தக் காரில் கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியிலிருந்து திரவம் எடுப்பதால், வேலை முடியும்வரை அதன் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.