மயாமியா, ஸ்ட்ரென்சாலா? போர்க்கள மருத்துவக் குழுவுக்கு எந்தப் பயிற்சி?

போருக்குப் புறப்படும் அறுவை சிகிச்சைக் குழுவை அமெரிக்கத் தரைப்படை மயாமிக்கு அனுப்புகிறது. 2001-இல் தொடங்கிய ஏற்பாடு இது. பிரிட்டனோ, ஆப்கன் போர்க்காலத்தில் யார்க் நகருக்கு அருகே ஸ்ட்ரென்சாலில் ஒரு பெரிய கொட்டகைக்குள் கள மருத்துவமனையையே எழுப்பிப் பழக்கியது.

மயாமியின் ரைடர் விபத்து சிகிச்சை மையத்தில் எல்லாமே நிஜம்: குண்டடி, கத்திக்குத்து, சாலை விபத்து. சுமார் 20 பேர் கொண்ட குழு இரண்டு வாரம் அங்கே வேலை பார்க்கும். ரத்தம் எங்கிருந்து கொட்டுகிறது என்று தெரியாமல், வழுக்கும் கையுறையோடு வயிற்றுக்குள் துழாவும் அந்த நிமிடத்தை எந்தப் பொம்மையாலும் கற்றுத்தர முடியாது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் யார் வந்து சேர்வார்கள் என்பது கையில் இல்லை. கண்ணிவெடியில் இரண்டு காலும் போனவர் மயாமித் தெருவிலிருந்து வரப்போவதில்லை.

ஸ்ட்ரென்சாலில் அவர் வந்தார். ஏற்கெனவே காலை இழந்தவர்களே ஒப்பனை போட்டு, காயம்பட்டவராக நடித்து அலறினார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்த பிரிட்டன் முகாமான கேம்ப் பாஸ்டியனின் மருத்துவமனையில் சேர்ந்து நிற்கப்போகும் மருத்துவர், செவிலியர், ரத்த வங்கிப் பணியாளர் அத்தனை பேரும் இங்கேயே ஒருவரோடு ஒருவர் பழகிக்கொண்டார்கள்.

சரி, எது மேல்? ஆட்களைப் பொறுத்தது என்பேன். பிரிட்டன் ராணுவ மருத்துவர்கள் அமைதிக்காலத்தில் பொது மருத்துவமனைகளில்தான் வேலை செய்கிறார்கள், கைப்பழக்கம் விட்டுப்போகாது. அவர்களுக்கு ஸ்ட்ரென்சால் போதும். ராணுவ முகாம் மருத்துவமனையில் குடலிறக்கமும் பித்தப்பையுமே பார்த்துவந்த அமெரிக்க மருத்துவருக்கு மயாமி இல்லாமல் தீராது.

ஆனால் என் மனதை அறுப்பது வேறு கணக்கு. 2001 முதல் 2011 வரை போர்க்களக் காயங்களால் இறந்த அமெரிக்க வீரர்கள் 4,596 பேரில் சுமார் 87 சதவீதம் பேர் மருத்துவமனை வாசலையே மிதிக்கவில்லை. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பெரும்பாலும் ரத்தப்போக்குதான் காரணம். அவர்கள் அடிபட்டு விழுந்த அந்த இடத்துக்கு மயாமியும் எட்டாது, ஸ்ட்ரென்சாலும் எட்டாது.

அமெரிக்காவின் 75-ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு, மருத்துவ உதவியாளர்களோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வீரருக்கும் ரத்தம் நிறுத்தும் பயிற்சி கொடுத்தது. 2001 முதல் 2010 வரை அங்கே காயம்பட்டவர்கள் 419 பேர். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று களத்தில் ஒன்றுகூட நேரவில்லை. பணம் ஒதுக்கும்போது நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பயிற்சியைத்தான். ரத்தம் நிற்கக் கை காலை இறுக்கும் டூர்னிகே பட்டையின் குச்சியைத் திருகத் திருக, அடிபட்டவர் வலி தாங்காமல் விடச்சொல்லிக் கத்துவார். ரத்தம் நிற்கும்வரை பக்கத்தில் இருக்கும் சக வீரர் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.