ஊழியர் கைநூலின் முதல் பக்கம்: எந்தப் பொறுப்புத் துறப்பு நமக்குச் சரிவரும்?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம் பக்கத்தில் நடுத்தர நிறுவனங்களும் ஊழியர் கைநூல் எழுதத் தொடங்கிவிட்டன. லீவு, வருகை, ஒழுக்காற்று விதிகளை அவரவர் யோசித்துத்தான் எழுதுகிறார்கள். முதல் பக்கத்துப் பொறுப்புத் துறப்பை, அதாவது கைநூல் நிறுவனத்தை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று சொல்லும் வரியை மட்டும் எங்கிருந்தாவது அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அதிகம் புழங்குவது அமெரிக்க வாசகம்: “இக்கைநூல் ஒப்பந்தம் அல்ல. நிறுவனம் எந்நேரமும், காரணம் கூறியோ கூறாமலோ உங்கள் வேலையை முடிவுறுத்தலாம்.” இது பிறந்த கதை வேறு. அங்கே மொன்டானா தவிர்ந்த மாநிலங்களில் காரணமில்லாமலும் ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்பதுதான் பொது விதி. ஆனால் கைநூலில் கொடுத்த வாக்குறுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 1980இல் மிச்சிகன் உயர் நீதிமன்றமும் 1985இல் நியூ ஜெர்சி உயர் நீதிமன்றமும் தீர்த்தன. அதிலிருந்து தப்பத்தான் அங்குள்ள நிறுவனங்கள் இந்த வரியைக் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போட்டன.

இலங்கையில் அந்தப் பொது விதியே கிடையாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆறேழு பேர் வேலை செய்யும் கடைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சேவை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் வழங்க அந்தச் சபைக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் கதியே இதுவென்றால் கைநூலின் முதல் பக்கம் எம்மாத்திரம்? போதாததற்கு, அந்த வரியை வாசிக்கும் புது ஊழியர் முதல் நாளிலேயே மிரண்டுவிடுவார்.

இரண்டாவது வழி, துறப்பு எதுவும் போடாமல் விடுவது. நேர்மையானதுதான். ஆனால் “மூன்று எச்சரிக்கைக் கடிதங்களுக்குப் பிறகே நடவடிக்கை” என்று எழுதிவிட்டு, கல்லாவில் கைவைத்தவரை அன்றே இடைநிறுத்தினால் உங்கள் கைநூலையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

நான் தேர்வது மூன்றாவதை: “இது வழிகாட்டி. நியமனக் கடிதத்தோடோ நடைமுறைச் சட்டத்தோடோ முரண்பட்டால் அவையே செல்லும்.” இது ஊழியரை மிரட்டவில்லை, நிறுவனத்துக்கும் காப்பு. ஓய்வு வயது 55 என்று அச்சடித்த பழைய கைநூல்கள் இன்னும் கிடக்கின்றன. 2021இன் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதைப் படிப்படியாக 60க்குக் கொண்டுபோனது. இந்த ஒரு வரி இருந்தால், திருத்த மறந்த பக்கத்தால் பெரிய சண்டை வராது.

அதற்காகச் சட்டம் தந்த உரிமையை இந்த வரியால் குறைத்துவிட முடியாது. “தகுதிகாண் காலம் முடிந்த பின்னரே சேமலாப நிதி” என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்தின் 3 சதவீதமும் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். எந்தத் துறப்பும் அதைத் தள்ளிப்போடாது.

போனஸ், பெருநாள் கொடுப்பனவு போன்றவற்றுக்கு முன்பக்கத்துப் பொதுவரி போதாது. அந்தந்தப் பத்தியின் அடியிலேயே “இலாபத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் தீர்மானிக்கப்படும், ஓர் ஆண்டு கொடுத்தது அடுத்த ஆண்டுக்கு உரிமையாகாது” என்று போடுங்கள். வருடக்கணக்காக ஒரே தொகையைக் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அந்த வரியும் பலவீனப்படும் என்பது வேறு கதை. ஜும்ஆ நேரத்தைத் தயவுசெய்து இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சாய்ந்தமருதில் கடை வைத்துக்கொண்டு அதை நிறுவனத்தின் விருப்புரிமை என்று எழுதுவது வீண் வம்பு.

மாற்றும் உரிமையிலும் இரண்டு பாணிகள் உண்டு. “முன்னறிவித்தலின்றி மாற்றலாம்” என்பதைவிட “எழுத்தில் அறிவித்து மாற்றலாம், நியமனக் கடித நிபந்தனைகள் இதனால் மாறா” என்பது பாதுகாப்பு. மொழி விடயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்: ஊழியர்கள் தமிழில் வாசிக்கிறார்கள் என்றால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று எழுதுங்கள். ஆங்கிலப் பிரதிதான் செல்லும் என்றால், கையெழுத்திட்டவருக்கு என்ன விளங்கியது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

கடைசித் தாளில் “வாசித்து, விளங்கி, முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்” என்று கையெழுத்து வாங்குவார்கள். வழிகாட்டி மட்டுமே என்று முன்னால் சொல்லிவிட்டுப் பின்னால் முழுமையாக ஏற்கச் சொன்னால், அது ஒப்பந்தம்தான் என்று வாதாட நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். “பிரதி கிடைத்தது, விளங்காததைக் கேட்க வாய்ப்புத் தரப்பட்டது” என்பதும் திகதியும் கையெழுத்தும் போதும்.